மௌத்தும் கணக்கும்: கொழும்புச் சோனகரின் மரணப் பதிவுகள் பற்றிச் சில குறிப்புகள்

1885ஆம் ஆண்டு சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பேசினார். 1888இல் அதையே விரித்து அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரையாக வாசித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதினார். இந்த விவாதம் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. நாம் யார், எங்கிருந்து வந்தோம், எந்தக் கரையில் இறங்கினோம் என்று நூறு வருடத்துக்கும் மேலாக நமது ஆய்வாளர்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதை அது.

இராமநாதனுக்கு ஒரு தம்பி இருந்தார். அவர்தான் பொன்னம்பலம் அருணாசலம். பதிவாளர் நாயகமாகக் கடமையாற்றியவர், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர். இந்த நாட்டின் பிறப்பு, இறப்புப் பதிவு முறையைச் சீர்படுத்தியதில் அவருடைய பங்கு பெரிது. அண்ணன் ‘சோனகர் யார்’ என்று கேட்டுக்கொண்டிருந்த அதே காலகட்டத்தில் தம்பியின் திணைக்களம், சோனகர் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் மௌத்தானார்கள், எந்த நோயில் மௌத்தானார்கள் என்று வருடா வருடம் அட்டவணை போட்டு அச்சிட்டது. அண்ணனுக்கு நாம் நிறையப் பதில் எழுதிவிட்டோம். தம்பியின் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலர்தான்.

அந்தக் கணக்கை எப்படி வாசிப்பது, அதில் எதை நம்புவது, அது நமக்கு ஏன் வேண்டும் என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை. மரணக் காரணம் என்ற சிறு கூட்டில் எழுதப்படும் ஒரு சொல் வெறும் வைத்தியக் குறிப்பு என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அந்தச் சொல் ஒரு மையித்தை எங்கே கொண்டு போகும் என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டித் தந்தது.

ஒரே கூட்டுக்குள் இரண்டு கேள்வி

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பும் தேவாலயப் பதிவுகளும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும் இருந்தன. ஆனால் ஊரில் யார் செத்தாலும் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. பள்ளிவாசல் லெப்பைக்குச் சொல்லிக் கப்று வெட்டி அடக்கினால் முடிந்தது என்றிருந்த விடயத்தில் பதிவாளர் என்று ஒரு மூன்றாம் ஆள் நுழைந்தார்.

நம் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய மரண அத்தாட்சிப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இறந்த திகதி, இடம், பெயர், பால், இனம், வயது, தொழில், தாய் தகப்பன் பெயர் என்று கூடுகள் வரிசையாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரே கூட்டுக்குள் இரண்டு விடயம் கேட்கப்பட்டிருக்கும்: மரணத்துக்கான காரணமும், அடக்கம் அல்லது தகனம் செய்த இடமும். காரணம் வேறு, அடக்கம் வேறு. ஏன் இரண்டையும் ஒன்றாகப் போட்டார்கள் என்பதற்குக் கடதாசியில் இடம் மிச்சம் பிடிப்பதற்கு மேல் ஒரு நியாயம் இருந்திருக்காது. எனினும் இந்தக் கூட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தைப் பதிவாளருக்குச் சொன்னவர் யார்? ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்தார். வீட்டில் இறந்தவர்களுக்கு, அதாவது அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு, அறிவிக்கப் போன வாப்பாவோ மச்சானோ வாயால் சொன்னதுதான் காரணம். மையித்தைச் சுணங்காமல் அடக்க வேண்டும் என்ற அவசரம் நமக்கு எப்போதும் உண்டு. பெண் மையித்தை அந்நிய ஆண் பார்ப்பதில் உள்ள தயக்கமும் உண்டு. ஆகவே ‘காய்ச்சல்’, ‘இழுப்பு’, ‘மாந்தம்’, ‘பலவீனம்’, ‘வயோதிபம்’ என்று ஒரு சொல்லோடு விடயம் முடிந்தது.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். எங்கட உம்மும்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அவர் சொல்லும் கணக்கே வேறு. “ஒம்பது பெத்தன் மகன், அஞ்சுதான் நின்டிச்சு” என்பார். மிச்சம் நாலும்? “ஒன்டு மாந்தத்துல போச்சு, ஒன்டுக்கு இழுப்பு, ரெண்டு காச்சல்ல.” அழுகை இல்லாமல், கடைக்கணக்குச் சொல்வது போலச் சொல்வார். பதிவாளர் நாயகத்தின் அட்டவணையும் இதே மூன்று சொற்களைத்தான் இங்கிலீசில் எழுதி வைத்திருக்கிறது. இழுப்பு என்பது தொப்புள்கொடி அறுத்த இடத்தில் பிடித்த ஏற்புவலியாக இருந்திருக்கலாம், மூளைக்காய்ச்சலாக இருந்திருக்கலாம், மலேரியாவின் உச்சமாகவும் இருந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எனவே பழைய அட்டவணைகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணை ஓரளவு நம்பலாம். எதனால் இறந்தார்கள் என்பதைக் கவனத்தோடுதான் கையாள வேண்டும்.

உம்மும்மாவின் கணக்கு விதிவிலக்கல்ல என்பதற்கு நாடு முழுவதற்குமான எண்களே சாட்சி. பெரும் மலேரியா பரவிய 1935இல், உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 263 பிள்ளைகள் ஒரு வயதைக் காணவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு, 1946இலும் அந்த எண் 141 ஆக இருந்தது.

நம் மரபில் ஒரு பட்டியல்

மரணத்தைக் காரணத்தால் வகைப்படுத்துவது வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுத் தந்த புதுப் பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு ஹதீஸ் ஷஹீதுகளை ஐந்து வகையாக எண்ணுகிறது: கொள்ளைநோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், அல்லாஹ்வின் பாதையில் உயிர் நீத்தவர். முவத்தாவிலும் அபூதாவூதிலும் வரும் அறிவிப்பு இந்தப் பட்டியலை நீட்டி, விலாப்புற நோயில் இறந்தவரையும் தீயில் இறந்தவரையும் வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணையும் சேர்த்துக்கொள்கிறது.

பழைய கொழும்பின் மரண அட்டவணையை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். வாந்திபேதி, வயிற்றோட்டம், பிளேக், நெஞ்சுச்சளி, பிள்ளைப்பேறு என்று சனங்களைக் கூட்டமாகக் கொண்டுபோன காரணங்களைத்தான் ஹதீஸும் பேசுகிறது. அந்தப் பட்டியல் நோயாளியை அருவருப்பிலிருந்து மீட்டு உயர்த்தியது. வாந்திபேதியில் நாறிச் செத்தவரையும் ஷஹீத் என்று சொல்லித் தோளில் சுமக்க வைத்தது. காரணம் அறிவதன் நோக்கம் அங்கே மையித்துக்கு மரியாதை சேர்ப்பது.

எண்ணி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி கொள்ளைநோய் பற்றித் தனி நூல் எழுதியவர். தன் பெண்மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் நோய் பரவத் தொடங்கியபோது நாளொன்றுக்கு இறந்தவர்கள் நாற்பதுக்கும் குறைவு என்று அவர் குறிக்கிறார். மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து பாலைவெளியில் பெருங்கூட்டமாகக் கூடி துஆக் கேட்டுத் திரும்பினார்கள். மாதம் முடிவதற்குள் அது நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு முஹத்திஸ் ஜனாஸாக் கணக்கை ஆதாரமாக வைத்து ஒரு நடைமுறையைக் கேள்வி கேட்ட இடம் இது. ஸனதை எடைபோடுவது போலவே அவர் எண்ணையும் எடைபோட்டார்.

தண்ணீர், அரிசி மூடை, தெள்ளு

கொழும்பில் கொலராவும் வயிற்று நோய்களும் கிணற்றோடு போனவை. வளவுக்குள் கிணறு, அதற்குச் சற்றுத் தள்ளி மலக்குழி. மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். மாநகர சபை 1865இல் அமைந்தாலும் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் நகரத்துக்கு வந்தது 1886இல்தான். சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி நாலு வருடம் கழித்து! குழாய் வந்த பிறகும் கொட்டாஞ்சேனை, வாழைத்தோட்டம், புதுச்சோனகத் தெரு முடுக்குகளுக்குக் கக்கூஸ் வசதியும் கழிவுநீர்க் குழாயும் வர இன்னும் காலம் எடுத்தது. தண்ணீரும் காற்றும் வெளிச்சமும் எந்தத் தெருவுக்கு முதலில் கிடைத்தன என்பதைப் பொறுத்து அந்தத் தெருவின் மரண விகிதம் மாறியது. அந்தக் காலத்து வெள்ளவத்தை வீடுகள் தள்ளித் தள்ளி இருந்த புறநகர். கொட்டாஞ்சேனையோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் நெருங்கிக் கிடந்தது. இரண்டு இடத்துச் சோனகரையும் ‘சோனகர்’ என்ற ஒரே நிரலில் கூட்டிவிட்டு இந்த இனத்தின் மரண விகிதம் இவ்வளவு என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை.

1914இன் தொடக்கத்தில் கொழும்பில் பிளேக் தோன்றியது. அடிபட்டவை புறக்கோட்டையும் செட்டியார் தெருவும் அவற்றை ஒட்டிய தெருக்களும். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி மூடைகள் அடுக்கிய கிடங்குகள் அங்கேதான் இருந்தன. கிடங்கில் எலி, எலியில் தெள்ளு. இந்தியச் சோனகரும் செட்டிமாரும் அந்த வியாபாரத்தில் இருந்ததால் நோயும் அவர்களுடையது என்ற பேச்சு எழுவது எளிது. ஆனால் மாநகர சபையின் நுண்ணுயிரியலாளராக இருந்த எல். பேபியன் ஹேர்ஸ்ட் ஆட்களின் இனத்தைப் பாராமல் எலியின் தெள்ளை எண்ணினார். எல்லாத் தெள்ளும் ஒரே இனம் அல்ல என்று கண்டார். செனொப்சில்லா கியோப்பிஸ் என்ற தெள்ளு பிளேக்கை நன்றாகக் கடத்தும். செனொப்சில்லா அஸ்தியா என்ற உள்ளூர்த் தெள்ளு அவ்வளவாகக் கடத்தாது. கிடங்குப் பகுதிக்கு வெளியே நோய் ஏன் நாடெங்கும் பரவவில்லை என்பதற்கு இது பெரிய விளக்கமாயிற்று. 1953இல் பிளேக் பற்றி அவர் எழுதிய பெருநூலில் கொழும்பு எலிகளுக்கு முக்கிய இடம் உண்டு. இலங்கையில் கடைசியாக பிளேக் பதிவானது 1938இல்.

மரண அட்டவணையில் இனம் என்று ஒரு நிரல் இருந்தால் அந்த நிரலில் காரணத்தைத் தேடும் ஆசை எவருக்கும் வரும். ஹேர்ஸ்ட் வேறோர் இடத்தில் தேடியதால்தான் பதில் கிடைத்தது.

1918: பதியப்படாத பெருங்கூட்டம்

1918இல் வந்த இன்புளுவென்சாவை நமது சமூக வரலாறுகளில் தேடினேன். 1915 கலவரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, அது நியாயமும்கூட. மூன்று வருடத்துக்குப் பிறகு அதைவிடப் பன்மடங்கு உயிர்களைக் கொண்டுபோன நோய்க்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது.

சித்தார்த் சந்திரா, தில்ஷானி சரத்சந்திர என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நோயால் இலங்கை இழந்த மக்கள் ஏறத்தாழ 3,07,000. அன்றைய சனத்தொகையில் 6.7 சதவீதம். நோய் இரண்டு வாசலால் வந்தது. ஒன்று கொழும்புத் துறைமுகம், மற்றது இந்தியாவிலிருந்து படகுச் சேவை வந்து சேரும் தலைமன்னார். முதல் அலையின் உச்சம் ஒக்டோபர் முற்பகுதி, இரண்டாவதன் உச்சம் நவம்பர் நடுப்பகுதி. ஹிஜ்ரிக் கணக்கில் பார்த்தால் இரண்டாவது உச்சம் 1337 சபர் மாதத்தில் விழுகிறது. முஸீபத்து இறங்கும் மாதம் என்று சபரை அஞ்சி, ஒடுக்கத்துப் புதன் அன்று இஸ்ம் எழுதிக் கரைத்துக் குடித்த அந்தத் தலைமுறைக்கு அந்த வருடத்துச் சபர் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த மூன்று இலட்சம் என்ற எண் மரணக் காரணக் கூட்டிலிருந்து கூட்டி எடுத்தது அல்ல. ‘காய்ச்சல்’ என்றும் ‘சளி’ என்றும் எழுதப்பட்டவற்றில் எது இன்புளுவென்சா என்று இன்று பிரிக்க முடியாது. நோய் வராதிருந்தால் சனத்தொகை எவ்வளவு இருந்திருக்கும், உண்மையில் எவ்வளவு இருந்தது என்ற வித்தியாசத்திலிருந்து கணித்தது. காரணம் பிழையாகப் பதிந்தாலும் மௌத்து பதிவாகியிருந்தால் வரலாற்றாசிரியனுக்கு ஒரு வழி கிடைக்கும். மௌத்தே பதியப்படாவிட்டால் அந்த வழியும் இல்லை.

விகிதத்தை வாசிக்கும்போது

பழைய அறிக்கைகளைப் புரட்ட விரும்பும் நம் மாணவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, இந்தியச் சோனகர் பற்றியது. இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று குடிசன மதிப்பீடு பிரித்தே எழுதியது. கொழும்பில் இருந்த இந்தியச் சோனகரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் உழைக்கும் வயதினர். குடும்பம் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருக்கும். பிள்ளை பிறப்பதும் குழந்தை இறப்பதும் அங்கே நடக்கும். வயதாகிச் சுகமில்லாமல் போனால் கப்பலேறி ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே இங்கே அவர்களுடைய மரண விகிதம் குறைவாகத் தெரிந்தால் அவர்கள் அதிக சுகதேகிகள் என்று முடிவுகட்டக் கூடாது. வயதையும் பாலையும் சமப்படுத்தாமல் இரண்டு கூட்டத்தின் விகிதத்தை ஒப்பிடுவது, மத்ரஸா மாணவர்களின் மௌத்தையும் முதியோர் இல்லத்தின் மௌத்தையும் ஒப்பிடுவது போன்றது.

இரண்டாவது, இடம் பற்றியது. மரணம் நடந்த இடத்தில்தான் பதியப்படும். கொட்டாஞ்சேனைக்காரர் பெரியாஸ்பத்திரியில் கண்மூடினால் அது ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவின் புத்தகத்தில் ஏறும். வெள்ளவத்தைக்காரர் களுபோவில ஆஸ்பத்திரியில் மௌத்தானால் கொழும்பு மாநகரத்தின் எல்லைக்கே வெளியே போய்விடுவார். மறுபக்கம், காலியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டு இங்கே இறந்தவர்கள் கொழும்பின் எண்ணை ஏற்றிவிடுவார்கள். எனவே ஒரு மகல்லாவில் வருடத்துக்கு எத்தனை மௌத்து என்ற எளிய கேள்விக்கு அரசாங்கப் புத்தகத்தில் நேரடியான பதில் கிடையாது. அந்தப் பதில் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெயரில்லாத பெண்கள்

1946இல் இலங்கையில் பிறந்த ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 44 வருடம், பெண்ணுடையது 42. உலகின் பெரும்பாலான நாடுகளில் பெண்ணே ஆணைவிடக் கூடுதலாக வாழ்கிறாள். இங்கே தலைகீழாக இருந்தது. இதற்குப் பெரிய காரணம் பிள்ளைப்பேறு. அந்த வருடம் ஆயிரம் பிள்ளை பிறந்தால் 15க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஒரு பெண் எட்டு, ஒன்பது தடவை பிள்ளை பெறுகிறாள் என்றால் அத்தனை தடவையும் இந்த ஆபத்தைத் தாண்ட வேண்டும்.

கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி 1879இலேயே திறக்கப்பட்டது. ஆனால் நம் பெண்கள் ஒஸ்தா மாமியின் கையைத்தான் நம்பினார்கள், அல்லது வீட்டு ஆண்கள் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய பிறகு, பயிற்சி பெற்ற மருத்துவிச்சிமார் வீடு வீடாகப் போகும் முறை படிப்படியாகப் பரவியது. 1967 அளவில் பெண்ணின் ஆயுள் 67, ஆணுடையது 65 என்று கணக்கு நேராயிற்று.

1946க்கும் 1947க்கும் இடையில், ஒரே வருடத்தில், மரண விகிதம் ஆயிரத்துக்கு 20இலிருந்து 14 ஆக விழுந்தது. சிசு மரணம் 141இலிருந்து 101 ஆகியது. டி.டி.ரி. மருந்து அடித்து மலேரியா ஒழிந்ததுதான் காரணம் என்று உலகம் முழுவதும் பேசினார்கள். எஸ்.ஏ. மீகம போன்றவர்கள், மலேரியா இல்லாத பகுதிகளிலும் அதே காலத்தில் மரணம் குறைந்திருக்கிறதே என்று கேட்டார்கள். உணவு, ஆஸ்பத்திரி, மருத்துவிச்சி எல்லாவற்றுக்கும் பங்குண்டு என்பது அவர்கள் வாதம். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் எண்கள் பதிவில் இருந்ததால்தான் அப்படி ஒரு விவாதமே நடக்க முடிந்தது.

இத்தனை தாய்மாரில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஹாஜியார்மார், புரவலர்கள், முதலியார்கள் என்று ஆண்களின் வரலாறு நூலாக இருக்கிறது. ‘முதல் மனைவி பிரசவத்தில் காலமானார்’ என்று அந்நூல்களில் ஓர் அரை வரி வரும். இன்றும் ஜனாஸா அறிவித்தலில் ‘இன்னாரின் மனைவியும் இன்னாரின் தாயாருமானவர்’ என்றுதான் கேட்கிறோம். அவருடைய சொந்தப் பெயர் அத்தாட்சிப் பத்திரத்தில் மட்டும் தங்கிவிடுகிறது.

அந்தக் கூடு திரும்பி வந்தது

1896இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் பிரிட்டிஷ் ஆட்சி நடுங்கியது. 1897இல் இந்தியாவுக்குத் தொற்றுநோய்ச் சட்டமும் இலங்கைக்கு 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. பிளேக்கும் கொலராவும் பெரியம்மையும் இந்த நாட்டில் இருந்த காலத்தில் அந்தச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்தே வந்தன.

நூற்றிருபத்திமூன்று வருடத்துக்குப் பிறகு, 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய 2170/8 இலக்க வர்த்தமானி, அதே சட்டத்தின் விதிகளுக்குள் 61அ என்ற புது விதியைச் செருகியது. கொவிட்டால் இறந்தவர் மட்டுமல்ல, இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரும் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தகனம் செய்யப்பட வேண்டும். சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டல் அடக்கத்தை அனுமதித்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும் அனுமதித்திருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட நியாயம். 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை மேலதிக விசாரணைக்கு எடுக்காமல் பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து இருபது நாளான ஒரு பாலகன் தகனம் செய்யப்பட்டான். பொரளை கனத்தையின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெள்ளைச் சீலைத் துண்டுகளைக் கட்டினார்கள். மாத இறுதியில் பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு இரண்டு முறையையும் அனுமதிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. ஆனாலும் 2021 பெப்ரவரி 25இல் 2216/38 இலக்க வர்த்தமானி வரும்வரை அடக்கத்துக்கு வழி திறக்கவில்லை.

பழைய பத்திரத்தில் ஒரே கூட்டில் இருந்த இரண்டு கேள்விகளும் இப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. காரணத்துக்கு நேரே எழுதப்பட்ட ஒரு சொல், அடக்கமா தகனமா என்பதைத் தீர்மானித்தது. ஹதீஸின் பட்டியலில் கொள்ளைநோய் என்ற சொல் மையித்தை உயர்த்தியது என்று மேலே சொன்னேன். இங்கே அதே சொல் கபனையும் கப்றையும் பறித்தது.

இதனால் கணக்கும் கெட்டது. 2020 ஒக்டோபர் இறுதியிலிருந்து கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் எல்லாம் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் கிடந்தன. மூச்சு முட்டிய நிலையிலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த ஆட்களை நான் அறிவேன். “மௌத்துக்குப் பயமில்ல, எரிச்சுப் போட்டா?” என்றுதான் கேட்டார்கள். மரணக் காரணத்தைச் சொன்னால் தண்டனை என்றால் சனம் காரணத்தை மறைக்கும். காரணம் மறைந்தால் நோயைத் தடுக்க வேண்டியவனுக்கும் கண் தெரியாது. தொற்றுநோய்ச் சட்டத்தின் நோக்கத்தையே அந்த விதி முறியடித்தது.

2021 மார்ச் 5இல் ஒட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்தில் அங்கே அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். முஸ்லிம்கள் 2,992, இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. அடக்கம் வேண்டும் என்று நம்மோடு சேர்ந்து காத்திருந்த 642 பிற சமயத்தவர்களை நம் பேச்சில் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. தகனம் செய்யப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அப்போது சொல்லப்பட்டது.

மஜ்மா நகரில் அடக்கப்பட்டவர்களுக்கு இடமும் இலக்கமும் இருக்கின்றன. இந்த 276 பேருக்கும் கப்று இல்லை. அவர்கள் எந்த மகல்லா, என்ன வயது, எந்த ஆஸ்பத்திரி, பரிசோதனை முடிவு எப்போது வந்தது, குடும்பத்துக்கு எப்போது சொன்னார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கமாவது எழுதி வைத்திருக்கிறோமா? மன்னிப்பு காகிதத்தில் வந்துவிட்டது. சாட்சியத்தைச் சேர்க்க வேண்டியவர்கள் நாம். இன்னும் இருபது வருடம் போனால் சொல்லக்கூடியவர்களும் இருக்க மாட்டார்கள்.

பள்ளிவாசல் கொப்பிகள்

ஒரு மகல்லாவின் மௌத்துக் கணக்கு எங்கே இருக்கிறது என்ற கேள்வியைப் பாதியில் விட்டிருந்தேன். அது பள்ளிவாசலில் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். ஒருவர் எந்த ஆஸ்பத்திரியில் இறந்தாலும் ஜனாஸா அவருடைய மகல்லாவுக்குத்தான் வருகிறது. குப்பியாவத்தை, மாளிகாவத்தை, ஜாவத்தை மையவாடிகளில் அடக்குவதற்கு மகல்லாப் பள்ளியின் கடிதம் கேட்கிறார்கள். அந்தக் கடிதத்தின் பிரதி, ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்கு, மையவாடியின் பதிவேடு மூன்றையும் சேர்த்தால் பதிவாளர் நாயகத்திடமும் இல்லாத ஒரு கணக்கு கிடைக்கும். விகிதம் போடுவதற்குக் கீழே ஓர் எண் வேண்டும், மகல்லாவில் எத்தனை பேர் என்று. சந்தாக் கொப்பியில் குடும்பங்களின் எண்ணிக்கை இருக்கிறது. ஒரு கணக்காய்வாளரின் துணையோடு ஒரு மாணவர் இதைச் செய்துவிடலாம்.

இதற்கு மார்க்க ரீதியான ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. மையித்தின் குறையை மறைப்பது கடமை. சில நோய்களும் சில மரணங்களும் குடும்பம் வெளியே சொல்ல விரும்பாதவை. ஆகவே பதிவேடு பூட்டில் இருக்கட்டும். பெயர் இல்லாமல் வருடாந்தத் தொகை மட்டும் வெளியே வரட்டும். நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பில் போனவர்கள் எத்தனை பேர், சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதாகிப் போனவர்கள் எத்தனை பேர், டெங்கில் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரிந்தால் ஜும்ஆவில் கதீபுக்குச் சொல்ல ஒரு விடயம் கிடைக்கும். கந்தூரிச் சோற்றைப் பற்றியும் பேச வேண்டி வரலாம்.

பழைய கொப்பிகள் செல்லரிக்கின்றன. பள்ளிகளைப் புதுப்பித்துக் கட்டும்போது சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவதும் நடக்கிறது. நம் சஞ்சிகையின் வாசகர்களில் பள்ளிவாசல் நிர்வாகிகள் பலர் உள்ளனர். அவர்களிடம் நான் கேட்பது மூன்று விடயம். இருக்கும் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஒரு பிரதியைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ ஒரு பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படையுங்கள். இனிமேல் எழுதும் பதிவேட்டில் பெயர், வயது, வசித்த தெரு, இறந்த இடம், அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள காரணம் என்ற ஐந்தையும் எழுதுங்கள். பெண் மௌத்தானால் அவருடைய பெயரையே முதலில் எழுதுங்கள்.